மூளையின் கடிவாளம்

என் பெரியும்மாவுக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. பெரிய வாப்பா மறைந்த நாளிலிருந்து அவருக்கு இரவில் உறக்கம் வருவதில்லை. மருத்துவர் ஒருவர் இரண்டு வாரங்களுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை, முதலில் பழைய சீட்டைக் காட்டியும், பின்னர் வெறும் மாத்திரை அட்டையைக் காட்டியும் வாங்கி, ஆறு ஆண்டுகளாக விழுங்கி வந்தார். 'அல்பிரசோலம்' என்று அந்த அட்டையில் அச்சிட்டிருந்தது.

மதரஸா விடுமுறையில் அவரைக் காணச் சென்ற நான் அந்த அட்டையைக் கண்டேன். இது பழக்கத்திற்கு அடிமையாக்கும் மருந்து என்று எங்கோ படித்த நினைவு எனக்கு இருந்தது.

"பெரியும்மா, இது போதைக்குப் பக்கத்து வீடு. இன்றோடு விட்டுவிடுங்கள்" என்றேன்.

"சரி வாப்பா. நீ ஓதியவன், படித்தவன். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று சொல்லி, அட்டையை என் கையிலேயே கொடுத்துவிட்டார். அதை நான் சாக்கடையில் எறிந்தேன். நல்லதொரு காரியம் செய்துவிட்டதாக மனநிறைவும் கொண்டேன்.

அன்றிரவு அவர் கண் மூடவில்லை. மறுநாள் கைகள் நடுங்கின, உடல் வியர்த்தது, சிறு ஓசைக்கும் திடுக்கிட்டார். மூன்றாம் நாள் சுப்ஹு தொழுகைக்குப் பின், விரித்த முசல்லாவின் மீதே அவருக்கு வலிப்பு கண்டது. கண்கள் செருகின; கை கால்கள் வெட்டி இழுத்தன. ஒருவர் கையில் சாவிக் கொத்தைத் திணித்தார். மற்றொருவர் பற்களுக்கிடையே கரண்டியைச் செருக முயன்றார். "இது தீண்டல்தான், இன்னாரை அழைத்து ஓதிப் பார்க்க வேண்டும்" என்று வாசலில் பேச்சு எழுந்தது. என் மச்சான் எவர் பேச்சையும் காதில் வாங்காமல் ஆட்டோவை வரவழைத்து, அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார்.

அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வழக்கமாகச் சாப்பிடும் மருந்து எதையாவது திடீரென்று நிறுத்தினீர்களா?" என்பதுதான். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்து கொள்ளவில்லை. "ஹஜ்ரத், விட வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரி. விட்ட விதம்தான் தவறு" என்றார். பிறகு, என் பெரியும்மாவின் மூளையில் நடந்தது என்ன என்பதைப் பொறுமையாக விளக்கினார். இலக்கியம் பயின்று பட்டம் பெற்ற நான், அன்றுதான் ஒரு புதிய சொல்லைக் கேட்டேன். அச்சொல்லைத் தேடி அதன்பின் நான் படித்தறிந்தவற்றை, என்னைப் போன்ற அரைகுறை அறிவினால் இன்னொரு வீட்டில் தீங்கு நேரக்கூடாது என்னும் எண்ணத்தால் இங்கே எழுதுகிறேன்.

பெயரும் பொருளும்

அச்சொல் 'காபா'. இப்பெயரைக் கேட்டதும் நம் உள்ளம் மக்கமா நகருக்குச் சென்றுவிடும். ஆயின் அந்தப் புனித ஆலயத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 'காமா அமினோ பியூட்டிரிக் ஆசிட்' என்னும் நீண்ட வேதியியல் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி அறிவியலார் வழங்கும் சுருக்கப் பெயரே இது.

நம் மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. அதனுள் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நரம்பணு மற்றொன்றை நேரே தொட்டுப் பேசுவதில்லை. இரண்டிற்கும் இடையே நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. முதல் நரம்பணு சிறிதளவு வேதிப்பொருளை அந்த இடைவெளியில் சிந்துகிறது. அடுத்த நரம்பணுவின் மேற்பரப்பில் அதனை ஏற்பதற்கென்றே அமைந்த 'ஏற்பிகள்' அதைப் பற்றிக் கொள்கின்றன. இவ்வாறு செய்தி சுமக்கும் பொருள்களை நரம்புக் கடத்திகள் என்பர்.

இக்கடத்திகளுள் சில "பேசு" என்று தூண்டுகின்றன; சில "அமைதி" என்று அடக்குகின்றன. மூளையில் தூண்டும் பணியில் தலையாயது குளுட்டமேட்டு. அடக்கும் பணியில் தலையாயது காபா.

ஒரு மதரஸா வகுப்பை எண்ணிப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் உரத்த குரலில் ஓதினால், எவன் சரியாக ஓதுகிறான், எவன் பிழையாக ஓதுகிறான் என்று உஸ்தாதுக்குத் தெரியாது. அவர் கையை உயர்த்திச் சிலரை அமர்த்தினால்தான் ஒருவனுடைய பாடம் காதில் விழும். உஸ்தாதின் அந்தக் கை போன்றது காபா. பேச்சு, நடை, பார்வை, நினைவு ஆகிய எல்லாவற்றிலும் தேவையற்ற ஓசையை அடக்கித் தேவையானதை மட்டும் கேட்கச் செய்வது அதன் வேலை. மூளையின் மேற்பரப்பில் உள்ள நரம்பணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பணிக்கென்றே அமைந்தவை.

எவ்வாறு அடக்குகிறது?

ஓய்விலிருக்கும் நரம்பணுவின் உட்புறம், வெளிப்புறத்தை விட ஏறத்தாழ 70 மில்லி வோல்ட்டு எதிர்மின் தன்மை கொண்டிருக்கும். இந்த எதிர்மின் தன்மை குறைந்தால் நரம்பணு கிளர்ந்தெழுந்து செய்தியை அனுப்பும். காபா வந்து ஏற்பியில் அமர்ந்ததும், அந்த ஏற்பியின் நடுவே உள்ள நுண்ணிய மடை திறக்கிறது. அதன் வழியாகக் குளோரைடு அயனிகள் உள்ளே புகுகின்றன. அவை எதிர்மின் கொண்டவை ஆதலால், நரம்பணு கிளர்ந்தெழுவது கடினமாகிறது. இவையெல்லாம் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் நடந்து முடிகின்றன.

இவ்வாறு மடையாகவே அமைந்த ஏற்பியைக் 'காபா-ஏ' என்றும், சற்று மெதுவாக, வேறு வழியில் செயல்படும் மற்றொரு வகையைக் 'காபா-பி' என்றும் அழைக்கின்றனர். முதுகுத்தண்டில் அடிபட்டோருக்கும், பிறவியிலேயே மூளை வாதம் கண்ட பிள்ளைகளுக்கும் தசை விறைப்பைத் தளர்த்தக் கொடுக்கும் 'பேக்லோபென்' என்னும் மருந்து, இந்தக் காபா-பி ஏற்பியில்தான் வேலை செய்கிறது.

வியப்பு என்னவெனில், தூண்டும் குளுட்டமேட்டிலிருந்தே அடக்கும் காபா உண்டாகிறது. ஒரு நொதி, குளுட்டமேட்டிலிருந்து சிறு பகுதியை நீக்கியதும் அது காபாவாக மாறிவிடுகிறது. முடுக்கும் பொருளிலிருந்தே தடுக்கும் பொருளை உண்டாக்கும் இந்த ஏற்பாட்டை எண்ணும்போது, படைத்தவனின் நுண்ணறிவை வியந்து "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கண்டறிந்த கதை

காபா என்னும் பொருளை வேதியியலார் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆய்வுக்கூடத்தில் செய்து விட்டனர். தாவரங்களிலும் நுண்ணுயிர்களிலும் அது உண்டு என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் அது மூளையிலும் உள்ளது என்பதை 1950ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் யூஜின் ராபர்ட்சு உள்ளிட்ட ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதன் வேலை என்ன என்பது அப்போதும் விளங்கவில்லை.

இதற்கிடையே எர்ன்ஸ்ட்டு ஃபுளோரி என்னும் அறிஞர், மூளையிலிருந்து எடுத்த சாறு ஒன்று, இறால் இனத்தைச் சேர்ந்த ஒரு நன்னீர் உயிரியின் நரம்புத் துடிப்பை நிறுத்துவதைக் கண்டார். அந்தச் சாற்றில் அடங்கிய பொருள் காபாவே என்று 1957ஆம் ஆண்டில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் அவரும் அவருடைய தோழர்களும் கண்டறிந்தனர். பின்னர் 1966ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார், கடல் சிங்கி இறாலின் நரம்பைத் தூண்டி, அடக்கும் நரம்பிலிருந்து காபா வெளிவருவதை நேரிலேயே அளந்து காட்டினர். நாம் சாலன் வைக்கும் இறாலின் இனம்தான் மனித மூளையின் மறைபொருளைத் திறக்கும் திறவுகோலாயிற்று.

கடிவாளம் அறுந்தால்

குதிரைக்குக் கடிவாளம் எத்தனை தேவை என்பது அது அறுந்தபோதுதான் தெரியும். காபாவின் அருமையும் அவ்வாறே.

காக்காய்க்கொல்லி என்றொரு கொடியின் விதையை நம் நாட்டில் சிலர் மீன்களை மயக்கிப் பிடிக்கப் பயன்படுத்துவதுண்டு. அவ்விதையில் உள்ள 'பிக்ரோடாக்சின்' என்னும் நஞ்சு, காபா திறக்கும் மடையை அடைத்துவிடுகிறது. விளைவு வலிப்பு. (வலிப்பு நோயைக் 'காக்காய் வலிப்பு' என்பதற்கும் இவ்விதைக்கும் தொடர்பில்லை. 'கால் கை வலிப்பு' என்பதே அவ்வாறு மருவிற்று என்பர்.)

துருப்பிடித்த ஆணி குத்தினால் ஊசி போட்டுக் கொள்ள ஓடுகிறோமே, ஏன்? ரண ஜன்னிக் கிருமியின் நஞ்சு நரம்பின் வழியே முதுகுத்தண்டை அடைந்து, காபாவும் அதன் உடன்பிறப்பான கிளைசீனும் வெளிவராதபடி தடுத்துவிடுகிறது. அடக்குவார் இன்றித் தசைகள் அனைத்தும் ஒருசேர விறைக்கின்றன. தாடை இறுகுகிறது; முதுகு வில்லாக வளைகிறது. முன்னாளில் துருப்பிடித்த கத்தியால் தொப்புள்கொடி அறுத்த பச்சிளங் குழந்தைகள் பலர் இவ்வாறுதான் மாண்டனர். கருவுற்ற தாய்மார்களுக்குத் தடுப்பூசி போட்டதாலும், மருத்துவமனைப் பேறு பெருகியதாலும், தாய் சேய் ரண ஜன்னி ஒழிந்த நாடாக இந்தியா 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், புட்டிப்பால் குடித்த குழந்தைகள் சிலருக்குக் காரணம் தெரியாமல் வலிப்பு கண்டது. ஆராய்ந்தபோது, அந்தப் பாலுணவைக் கிருமி நீக்கச் சூடேற்றியதில் வைட்டமின் பி6 அழிந்து போயிருந்தது தெரிய வந்தது. குளுட்டமேட்டைக் காபாவாக மாற்றும் நொதிக்குப் பி6 இன்றியமையாதது. அந்த வைட்டமினைக் கொடுத்ததும் வலிப்பு நின்றது. வாழைப்பழம், கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, மீன், கோழி ஆகியவற்றில் பி6 இருப்பதால், பலவகை உணவு உண்போருக்கு இக்குறை நேர்வது அரிது.

தூக்க மாத்திரையின் உண்மை

இனி என் பெரியும்மாவின் மாத்திரைக்கு வருவோம்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லியோ ஸ்டெர்ன்பாக்கு என்னும் வேதியியலாளர் கண்ட மருந்து 1960ஆம் ஆண்டில் 'லிப்ரியம்' என்னும் பெயரிலும், அதன் தங்கை போன்ற டயசிபாம் 1963ஆம் ஆண்டில் 'வேலியம்' என்னும் பெயரிலும் கடைக்கு வந்தன. இவை பதற்றத்தைத் தணித்தன, உறக்கம் தந்தன, வலிப்பை நிறுத்தின. இவை மூளையில் எங்கே சென்று அமர்கின்றன என்பதை 1977ஆம் ஆண்டில்தான் ஆய்வாளர்கள் காட்டினர். காபா-ஏ ஏற்பியின் ஓரத்தில் இவற்றுக்கென ஓரிடம் உள்ளது. அங்கே அமர்ந்து, காபா மடையைத் திறக்கும் தடவைகளை இவை மிகுதியாக்குகின்றன. அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம் ஆகியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அறுவை சிகிச்சையின்போது தரும் மயக்க மருந்துகள் பலவும் இதே ஏற்பியை நாடுபவைதாம்.

நம் மார்க்கம் விலக்கிய மதுவும் இந்த ஏற்பியில்தான் கை வைக்கிறது. குடிகாரன் தள்ளாடுவதும் நாக்குழறுவதும் கடிவாளம் அளவுக்கு மீறி இழுக்கப்படுவதன் விளைவே. மதுவுடன் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடக் கூடும்.

நாள்தோறும் மாத்திரையை விழுங்கினால் என்ன ஆகிறது? வெளியிலிருந்து உதவி வருவதைக் கண்ட மூளை, தன் ஏற்பிகளின் கூர்மையைக் குறைத்துக் கொள்கிறது. தூண்டும் பக்கத்தை வலுப்படுத்துகிறது. ஆகவே நேற்று ஒன்று போதுமாக இருந்தவருக்கு இன்று இரண்டு தேவைப்படுகிறது. இந்நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், தளர்ந்துபோன கடிவாளமும் வெறி கொண்ட குதிரையும் மட்டுமே மிஞ்சும். நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, குழப்பம், முடிவில் வலிப்பு. என் பெரியும்மாவுக்கு நேர்ந்தது இதுதான். அவரைத் தீண்டியது எதுவும் இல்லை. தீங்கு செய்தது என் அவசரப் புத்திதான்.

இம்மருந்துகள் கெட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. நிற்காத வலிப்பை நிறுத்த மருத்துவமனையில் முதலில் ஏற்றும் ஊசி இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. என் பெரியும்மாவைக் காத்ததும் அதுவே. ஆனால் உறக்கத்திற்கென்று எடுக்கும்போது சில வாரங்களுக்கு மேல் தொடர்வது நன்றன்று. முதியோருக்கு இவை மறதியையும் தடுமாற்றத்தையும் தருகின்றன. இரவில் கழிவறைக்குச் செல்லும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோர் எத்தனையோ பேர். மருத்துவச் சீட்டின்றி இவற்றை விற்பது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். பழைய அட்டையைக் காட்டி வாங்கிவரப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

பிள்ளை பெற்ற தாய்க்கு

கருவுற்ற பெண்ணின் உடலில் காபாவுக்குத் துணை செய்யும் 'அல்லோபிரெக்னனலோன்' என்னும் பொருள் மிகுதியாகச் சுரக்கிறது. பிள்ளை பிறந்ததும் அது திடீரெனக் குறைந்துவிடுகிறது. பேற்றுக்குப் பின் சில தாய்மார்கள் காரணமின்றி அழுவதற்கும், குழந்தையைக் கண்டும் மகிழாமல் இருண்டு கிடப்பதற்கும் இதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. இப்பொருளை ஒத்த 'சுரனோலோன்' என்னும் மாத்திரைக்கு 2023ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இசைவளித்தது. மருந்து நம் ஊர்க் கடைக்கு வருவது ஒருபுறம் இருக்கட்டும். "நன்றி இல்லாதவள், நாடகமாடுகிறாள்" என்று மாமியார்கள் அந்தப் பெண்ணைத் தூற்றாமல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாலே பாதி நோய் தீரும்.

காபா மாவு வாங்கலாமா?

மன அமைதிக்கென்று காபா மாத்திரைகளும் பொடிகளும் இன்று விற்பனையாகின்றன. ஜப்பானில் காபா மிகுந்த தக்காளியே 2021ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. ஆனால் வாய்வழி உண்ணும் காபா, இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே உள்ள காவல் சுவரை எளிதில் கடப்பதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்து கொள்கிறது. எனவே விளம்பரத்தை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

காபா மூளையில் மட்டுமன்றிக் குடலின் நரம்புகளிலும், இன்சுலின் சுரக்கும் கணையத்திலும் உண்டு. காபாவைச் செய்யும் நொதியை உடலின் காவற்படையே பகையென்று எண்ணித் தாக்குவதும் உண்டு. சிறுவயதிலேயே வரும் முதல் வகை நீரிழிவு நோயாளர் பலரின் இரத்தத்தில் இத்தாக்குதலின் தடயம் காணப்படுகிறது.

வலிப்பு கண்டால்

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உள்ளதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. முறையாக மருந்துண்டால் அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும். ஆனால் நம் வீடுகளில் இந்நோயை மறைக்கிறோம். பெண் பிள்ளையாயின் திருமணம் தடைபடும் என்று அஞ்சி மருந்தையே மறைக்கிறோம். அது பெரும் பிழை.

வலிப்பு வந்தவரின் கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் செருகாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதேனும் வைத்து, இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடங்களில் நிற்காவிட்டாலும், நின்று மீண்டும் வந்தாலும், முதல் முறையாக வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஓதுவதைத் தடுப்பார் இல்லை. ஓதிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றுங்கள்.

ரமலான் மாதத்தில் இன்னொரு கவனம் வேண்டும். நோன்பிற்காக வலிப்பு மருந்தைத் தாமாகவே நிறுத்துவோரும், நேரத்தை மாற்றுவோரும் நம்மில் உள்ளனர். சஹருக்காக விழித்து உறக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டக் கூடியது. நோன்பிற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைக் கண்டு, சஹரிலும் இஃப்தாரிலும் உண்ணும்படி மருந்தை அமைக்க இயலுமா என்று கேளுங்கள். இயலாது என்று அவர் சொன்னால், நோயாளிக்கு இறைவன் தந்த சலுகையை மனமுவந்து ஏற்றுக் கொள்ளுங்கள்.

என் பெரியும்மா ஐந்து நாள்களில் வீடு திரும்பினார். அதே மாத்திரையை மருத்துவர் மீண்டும் கொடுத்தார். எனக்கோ திகைப்பு. "படியில் ஏறியவர் படி வழியேதான் இறங்க வேண்டும், ஹஜ்ரத். மாடியிலிருந்து குதிக்கக்கூடாது" என்றார் அவர். வாரக்கணக்கில் சிறிது சிறிதாக அளவைக் குறைத்து, எட்டு மாதங்களில் முற்றிலும் நிறுத்தினார். பகல் உறக்கத்தை விடவும், மாலைக்குப் பின் தேநீரைத் தவிர்க்கவும், நாள்தோறும் ஒரே நேரத்தில் படுக்கவும் பழக்கினார். மகள் வீட்டுப் பேத்தி அவர் அருகில் வந்து படுத்துக் கொண்டாள். பெரிய வாப்பாவைப் பற்றி அவளிடம் பேசிப் பேசியே பெரியும்மா உறங்கப் பழகினார்.

பின்னொரு நாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "போ வாப்பா, நீ நல்லதைத்தானே நினைத்தாய்" என்று சிரித்தார். நல்லதை நினைத்தால் மட்டும் போதாது. அறிந்தவரைக் கேட்ட பின்னரே சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து நான் கற்றுக் கொண்டேன். உங்கள் வீட்டு முதியவரின் தலையணைக்கு அடியில் அத்தகைய அட்டை ஒன்று இருக்குமானால், அதைப் பிடுங்கி எறியாதீர்கள். அவரையும் அட்டையையும் ஒன்றாக மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.